நான்கு பக்கமும் நிறுத்தியவர்

அம்பத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போக வேண்டுமானால் சி.டி.எச். சாலையைக் கடக்க வேண்டும். சென்னை – திருவள்ளூர் நெடுஞ்சாலையைத்தான் எங்கள் பக்கத்தில் சுருக்கமாக அப்படிச் சொல்வோம். பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகிற அந்தச் சாலையில் லாரி, பேருந்து, ஷேர் ஆட்டோ, பைக் என்று எல்லாம் ஓடும். நடுவே ஒரு மாடும் நிதானமாக நடந்து போகும்!

ஒருநாள் ஆறாம் வகுப்பு படிக்கும் என் பேரனோடு ஒரு சந்திப்பில் சிக்னலுக்காகக் காத்திருந்தேன். அவனுக்கு எதையும் எண்ணிக்கொண்டே இருக்கும் பழக்கம் உண்டு. ஒரு பக்கம் பச்சை போய் மஞ்சள் வந்தது. மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது. ஆனால், அடுத்த பக்கத்துக்கு உடனே பச்சை விழவில்லை. இரண்டு விநாடி நான்கு பக்கமும் சிவப்பாகவே இருந்தது. சிக்னல் கெட்டுப் போய்விட்டதா தாத்தா என்று கேட்டான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திய எனக்கே சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம்தான் எப்போதோ படித்த ஒருவரின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது. அவர் பெயர் காரெட் மார்கன். பெயரைக் கேட்டதும் சிரிக்காதீர்கள், காய்கறிக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை!

அமெரிக்காவில் கென்டக்கி என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே பாரிஸ் என்ற சிற்றூரை ஒட்டிய பகுதியில் 1877 மார்ச் 4ஆம் தேதி மார்கன் பிறந்தார். பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரிஸ் வேறு, இது வேறு. அவருடைய பெற்றோர் கறுப்பினத்தவர்கள். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தது 1865ல்தான். அதாவது, மார்கன் பிறப்பதற்கு வெறும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. வீட்டில் மொத்தம் பதினோரு பிள்ளைகள், மார்கன் ஏழாமவர்.

பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுபோனது. பதினான்கு வயதில் வேலை தேடி சின்சினாட்டி நகரத்துக்குப் போனார். அங்கே ஒரு பணக்காரர் வீட்டில் எடுபிடி வேலை. கிடைத்த சம்பளத்தில் என்ன செய்தார் தெரியுமா? தனக்கு ஓர் ஆசிரியரை வைத்துக்கொண்டு ஆங்கில இலக்கணம் கற்றார்! ஆசிரியராக இருந்ததாலோ என்னவோ, அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1895ல் கிளீவ்லாந்து நகரத்துக்கு வந்தார். ஈரி என்ற மிகப் பெரிய ஏரியின் கரையில் உள்ள தொழில் நகரம் அது. நம் அம்பத்தூர் தொழிற்பேட்டை மாதிரி எங்கு பார்த்தாலும் தொழிற்சாலைகள். மார்கன் தையல் இயந்திரங்கள் இருந்த இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இயந்திரங்கள் ஓடுவதையும் நிற்பதையும் கவனித்துக் கவனித்தே அவற்றைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார். 1907ல் சொந்தமாகப் பழுது பார்க்கும் கடை திறந்தார். அடுத்த ஆண்டு மேரி என்ற தையல் கலைஞரை மணந்தார். 1909ல் கணவனும் மனைவியும் சேர்ந்து தொடங்கிய தையல் கூடத்தில் முப்பத்திரண்டு பேர் வேலை செய்தார்கள்.

அந்தத் தையல் கூடத்தில் ஒரு தொல்லை. ஊசி வேகமாக ஓடும்போது சூடேறிக் கம்பளித் துணியைப் பொசுக்கியது. ஊசிக்குப் பூசுவதற்காக மார்கன் ஒரு திரவம் தயாரித்துப் பார்த்தார். கையில் ஒட்டியதை ஒரு துணியில் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்தால், துணியில் சுருண்டிருந்த இழைகள் எல்லாம் நிமிர்ந்து நேராக நிற்கின்றன! அடுத்தபடி பக்கத்து வீட்டு நாய் மீது பூசிப் பார்த்தார். சுருட்டை முடி நாய் நேர்முடி நாயாகி விட்டது. அதன் சொந்தக்காரருக்கே அடையாளம் தெரியவில்லை என்று கதையாகச் சொல்வார்கள். பிறகு தன் தலையிலேயே தடவிப் பார்த்தார். அந்த முடி நேராக்கும் களிம்பை விற்க ஒரு நிறுவனமே தொடங்கினார். கையில் நல்ல பணம் சேர்ந்தது.

பணம் வந்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. தீ விபத்துகளில் நெருப்பைவிடப் புகையால் இறப்பவர்கள் அதிகம் என்பதைக் கவனித்தார். புகை சூடானது, அதனால் மேலே போகும். தரையை ஒட்டி இருக்கும் காற்று ஓரளவு சுத்தமாக இருக்கும். இதை நீங்களும் அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். மார்கன் தலையையும் முகத்தையும் மூடும் ஒரு முகமூடி செய்தார். அதிலிருந்து யானைத் தும்பிக்கை போல இரண்டு குழாய்கள் தரைவரை தொங்கும். குழாயின் நுனியில் ஈரப் பஞ்சு வைத்திருந்தார். அது காற்றைக் குளிர்வித்து வடிகட்டும். 1914ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு நியூயார்க்கில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் தங்கப் பதக்கமும் கிடைத்தது.

ஆனால், விற்பனையில் ஒரு சிக்கல். ஒரு கறுப்பர் செய்த கருவி என்று தெரிந்தால், குறிப்பாகத் தென் மாநிலங்களில், பலர் வாங்க மாட்டார்கள். அதனால் மார்கன் ஒரு வெள்ளைக்காரரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். அவர்தான் கருவியைக் கண்டுபிடித்தவர் என்று மேடையில் பேசுவார். மார்கன் செவ்விந்தியத் தலைவர் போல வேடமிட்டு, புகை மண்டிய கூடாரத்துக்குள் முகமூடியோடு நுழைவார். இருபது நிமிடம் கழித்து ஒன்றும் ஆகாமல் வெளியே வருவார். கூட்டம் கைதட்டும். தான் கண்டுபிடித்த பொருளை விற்கத் தன்னையே மறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்!

1916 ஜூலை 24ஆம் தேதி இரவு. கிளீவ்லாந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவர ஈரி ஏரிக்கு அடியில், நூறு அடிக்கும் கீழே, ஒரு சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அங்கே இயற்கை வாயு வெடித்தது. உள்ளே தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை மீட்கப் போனவர்களும் நச்சுப் புகையில் மயங்கி விழுந்தார்கள். அவர்களைத் தேடிப் போனவர்களுக்கும் அதே கதிதான். இனி யார் உள்ளே இறங்குவது? அப்போது யாரோ ஒருவருக்கு மார்கனின் முகமூடி நினைவுக்கு வந்தது.

நள்ளிரவில் மார்கனை எழுப்பினார்கள். அவர் தம்முடைய சகோதரர் ஃபிராங்கையும் அழைத்துக்கொண்டு, தூங்கிய உடையிலேயே ஓடி வந்தார். கையில் கிடைத்த முகமூடிகளை எல்லாம் அள்ளி வந்தார். அங்கே நின்றவர்களில் பலருக்கு அந்த முகமூடி மீது நம்பிக்கை இல்லை. மார்கனே முதலில் இறங்கினார். ஃபிராங்கும் வேறு இருவரும் பின்னால் போனார்கள். கும்மிருட்டு. தடவித் தடவிப் போய் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். அவருக்கு உயிர் இருந்தது! அதைப் பார்த்த பிறகு மற்றவர்களும் துணிந்து இறங்கினார்கள். உயிரோடு மீட்கப்பட்டது இரண்டே பேர்தான். மற்றவர்களின் உடல்களைத்தான் கொண்டு வர முடிந்தது.

மறுநாள் பத்திரிகைகளில் மீட்புப் பணி பற்றிப் பெரிதாகச் செய்தி வந்தது. மார்கன் பெயர் பெரும்பாலும் இல்லை. வீரப் பதக்கங்கள் மற்றவர்களுக்குப் போயின. மேயருக்குக் கடிதம் எழுதி முறையிட்டும் பயன் இல்லை. நகரத்து மக்களில் சிலர் சேர்ந்து தங்கள் சார்பில் ஒரு பதக்கம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வேடிக்கை என்று சொல்ல மனம் வரவில்லை. முகமூடியைச் செய்தவர் கறுப்பினத்தவர் என்ற விஷயம் இந்தச் செய்தியால் வெளியே தெரிந்துவிட்டது. வாங்குவதாக இருந்த சில ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, சிக்னலுக்கு வருவோம்.

மார்கன் கிளீவ்லாந்தில் கார் வைத்திருந்த முதல் கறுப்பினத்தவர் என்று சொல்வார்கள். அந்தக் காலத்துச் சாலைகளைக் கற்பனை செய்து பாருங்கள். குதிரை வண்டி, டிராம், சைக்கிள், நடந்து போகிறவர்கள் எல்லோரும் இருந்த அதே தெருவில் புதிதாகக் காரும் வந்து சேர்ந்துகொண்டது. குதிரை களைத்துப் போகும், கார் களைக்காது. ஒருநாள் ஒரு சந்திப்பில் காரும் குதிரை வண்டியும் மோதிக்கொண்டதை மார்கன் நேரில் பார்த்ததாகவும், அதுதான் அவரை யோசிக்க வைத்தது என்றும் சொல்லப்படுகிறது.

இந்த இடத்தில் ஒரு திருத்தம். பல புத்தகங்களில் போக்குவரத்து விளக்கைக் கண்டுபிடித்தவர் மார்கன் என்றே போட்டிருக்கிறார்கள். தேர்வில் அப்படி எழுதாதீர்கள்! லண்டனில் நாடாளுமன்றத்துக்கு அருகே 1868லேயே ஒரு சிக்னல் வைத்தார்கள். ஜான் பீக் நைட் என்ற ரயில்வே பொறியாளரின் யோசனை அது. ரயில் கைகாட்டி மரம் போன்றது. இரவில் எரிய வாயு விளக்கு. சில வாரங்களிலேயே வாயு கசிந்து வெடித்து, அதை இயக்கிய போலீஸ்காரர் காயம் அடைந்தார். அத்தோடு அந்த முயற்சி நின்றது. மார்கன் வாழ்ந்த கிளீவ்லாந்திலேயே 1914 ஆகஸ்ட் 5ஆம் தேதி சிவப்பு, பச்சை மின்விளக்கு சிக்னல் வந்துவிட்டது. 1920ல் டெட்ராய்ட் நகரத்துப் போலீஸ்காரர் வில்லியம் பாட்ஸ் நடுவில் மஞ்சளைச் சேர்த்து, நான்கு திசைக்கும் காட்டும் விளக்கை அமைத்தார்.

அப்படியானால் மார்கன் செய்தது என்ன?

அப்போது பல ஊர்களில் இருந்த கைகாட்டி சிக்னல்களில் இரண்டே கட்டளைகள். நில், போ. ஒரு பக்கத்துக்கு நில் என்று மாறும் அதே நொடியில் மறுபக்கத்துக்குப் போ என்று மாறிவிடும். வேகமாக வந்துகொண்டிருந்த வண்டி சந்திப்பின் நடுவில் இருக்கும்போதே குறுக்கே அடுத்த வண்டி பாய்ந்து வரும். சாலையைப் பாதி கடந்த கிழவி எங்கே போவாள்?

மார்கனின் கருவி ஆங்கில எழுத்து டி வடிவில் ஒரு கம்பம். கீழே நின்று கைப்பிடியைச் சுற்றி இயக்கலாம். நில், போ என்பதோடு மூன்றாவதாக ஒரு நிலையை அதில் வைத்தார். அந்த நிலையில் நான்கு பக்கமும் எல்லா வண்டிகளும் நிற்க வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்ட வண்டி வெளியேறிவிடும். நடந்து போகிறவர்கள் நிம்மதியாகக் கடப்பார்கள். அதன் பிறகுதான் அடுத்த பக்கத்துக்கு வழி.

இன்னொன்றையும் அவர் யோசித்தார். இரவில் வண்டி அதிகம் வராத நேரத்தில் ஆளே இல்லாத தெருவுக்காக ஏன் ஒருவர் காத்திருக்க வேண்டும்? அந்த நேரத்தில் கம்பத்தின் கைகளைப் பாதி நிலையில் நிறுத்தி வைக்கலாம். எச்சரிக்கையோடு மெதுவாகப் போகலாம் என்று அதற்குப் பொருள். சாலையில் என்ன இருக்கிறதோ அதற்கு ஏற்றபடி சிக்னலும் மாற வேண்டும் என்ற எண்ணம் அந்த எளிய மரக்கை போன்ற அமைப்பில் இருந்தது, பாருங்கள்.

1922ல் விண்ணப்பித்து, 1923 நவம்பர் 20ஆம் தேதி காப்புரிமை பெற்றார். பிறகு அந்த உரிமையை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு நாற்பதாயிரம் டாலருக்கு விற்றதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. கைப்பிடி சிக்னல்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. மின்விளக்குகள் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டன. ஆனால், ஒரு பக்கம் நின்று மறுபக்கம் புறப்படுவதற்கு நடுவே ஓர் இடைவெளி வேண்டும் என்ற கருத்து மட்டும் நிலைத்துவிட்டது. என் பேரன் எண்ணிய இரண்டு விநாடி அதுதான்.

மஞ்சளும் அந்த இரண்டு விநாடியும் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதைச் சும்மா குறிப்பதில்லை. வண்டிகளின் வேகத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு தாளை எடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் 60,000 மீட்டர். ஒரு மணிக்கு 3,600 விநாடி. வகுத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் வரும். நம் மாநகரப் பேருந்தின் நீளம் சுமார் 12 மீட்டர். அதாவது, ஒரு விநாடி முடிவதற்குள் அந்தக் கார் ஒரு பேருந்தின் நீளத்தைத் தாண்டியிருக்கும்! 30 கிலோமீட்டரில் போனால் விநாடிக்கு 8 மீட்டர்தான். மஞ்சளைப் பார்த்து, பிரேக்கை மிதித்து, கோட்டுக்கு முன்னால் நிற்க எத்தனை விநாடி தேவை என்று பார்த்துத்தான் மஞ்சளுக்கு மூன்று, நான்கு விநாடி ஒதுக்குகிறார்கள். அறுபதுக்குப் போட்ட கணக்கு தொண்ணூறில் வருகிறவருக்குப் பொருந்துமா? அவர் நிற்க முடியாது. சிவப்பில்தான் நுழைவார்.

சென்னையில் 2023 நவம்பரில் வேக வரம்புகளைத் திருத்தி அமைத்தார்கள். கார்களுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர், கனரக வாகனங்களுக்கும் இரு சக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30தான். உங்கள் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் தெருவில் நான் கேட்ட ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை!

மார்கனின் சிக்னலைப் போலீஸ்காரர் ஒருவர் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும். ஆள் இல்லாமல் சிக்னலே சாலையைப் பார்த்துக்கொள்ள முடியுமா? பால்டிமோர் நகரத்தில் சார்லஸ் ஆட்லர் என்பவர் 1928ல் ஒரு சிக்னல் வைத்தார். கிளைச் சாலையில் வருகிறவர் ஹாரன் அடித்தால் கம்பத்தில் உள்ள மைக் அதைக் கேட்டுப் பச்சையைக் கொடுக்கும். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆவடி சந்திப்பில் அதை வைத்திருந்தால் பாவம், அந்த சிக்னலுக்குப் பைத்தியமே பிடித்திருக்கும். பின்னர் சாலைக்கு அடியில் கம்பிச் சுருளைப் புதைத்தார்கள். மேலே கார் வந்து நின்றால் அதன் உலோகத்தை அந்தச் சுருள் உணர்ந்துகொள்ளும். இப்போது கேமராக்களும் வந்துவிட்டன. எந்தப் பக்கம் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணி, ஒவ்வொரு சுற்றிலும் பச்சையின் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் கணினியே முடிவு செய்கிறது. இந்தப் புதுவகை சிக்னல்களைச் சென்னையில் ஈ.வெ.ரா. பெரியார் சாலைச் சந்திப்புகள் சிலவற்றில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சாலையின் பழைய பெயர் பூந்தமல்லி நெடுஞ்சாலை. சென்ட்ரலில் தொடங்கி அமைந்தகரை, கோயம்பேடு, மதுரவாயல் என்று போய் எங்கள் பக்கத்துப் பூந்தமல்லிக்கு வரும்.

எத்தனை புத்திசாலிக் கணினியாக இருந்தாலும் சில நேரங்களில் அது கைவைக்கக் கூடாது. வண்டி எவ்வளவு நெரிசலாக நின்றாலும், மஞ்சளையும் நடுவில் உள்ள சிவப்பையும் குறைக்கக் கூடாது. நடந்து போகிறவர்கள் கடக்கத் தேவையான குறைந்தபட்ச நேரத்தையும் வெட்டக் கூடாது. கேமரா எண்ணுவது பெரும்பாலும் வண்டிகளைத்தான். பள்ளிப் பையோடு ஓரமாக நிற்கும் பிள்ளையை அது கணக்கில் சேர்க்காமல் போகலாம். நான் வேலை பார்த்த நாளில் பள்ளி விடும் நேரத்தில் இரண்டு ஆசிரியர்கள் சாலைக்கு நடுவே போய்க் கையை விரித்து நிற்போம். அப்போது அந்த இடத்தில் சிக்னல் கிடையாது. வாகனங்கள் நின்றதும் பிள்ளைகள் வரிசையாகக் கடப்பார்கள். ஒருமுறை ஒரு பைக் நிற்காமல் என் புடவைத் தலைப்பை உரசிக்கொண்டு போனது என்று என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் பல நாள் நடுங்கிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்கன் பிற்காலத்திலும் ஓய்ந்திருக்கவில்லை. கறுப்பின மக்களுக்காகக் கிளீவ்லாந்தில் 1920ல் ஒரு பத்திரிகை தொடங்கினார். 1931ல் நகர மன்றத் தேர்தலில் நின்று தோற்றார். 1943ல் கண் அழுத்த நோயால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. தெருவில் விளக்கு என்ன நிறம் என்று அவரால் பார்க்க முடியாத காலம் வந்தது. அப்போதும், பிடித்தவர் தூங்கிவிட்டால் தானே அணைந்துபோகும் சிகரெட் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். வீடு தீப்பிடிக்கக் கூடாது அல்லவா! சிக்னல் கருவிக்காக அமெரிக்க அரசு அவருக்குப் பாராட்டிதழ் கொடுத்தது, அவர் இறப்பதற்குச் சிறிது காலம் முன்புதான். 1963 ஜூலை 27ஆம் தேதி, தம் 86ஆம் வயதில் காலமானார்.

எந்தக் குடிநீர்த் திட்டத்தின் சுரங்கத்தில் இறங்கி உயிரைக் காப்பாற்றியும் அவர் பெயரைச் சொல்லாமல் விட்டார்களோ, அதே கிளீவ்லாந்து நகரம் 1991ல் தன் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்குக் காரெட் மார்கன் என்று பெயர் வைத்தது. எழுபத்தைந்து ஆண்டு தாமதம்!

இதை எல்லாம் கேட்ட என் பேரன், அன்று இரவு மாடியில் நின்று சாலையைப் பார்த்தான். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. தூரத்துச் சந்திப்பில் மஞ்சள் விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. மார்கன் பாதியில் நிறுத்தி வைத்த கை அதுதானா என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஒரு லாரி வந்தது. அது வேகத்தைக் குறைக்குமா, குறைக்காதா என்று இருவரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் குறைத்தது.